பின்சீட்டில் யாருமில்லை

ரயிலைத் தவறவிட்டுவிட்டார்களாம்.
முன்பணம் உங்களுக்கே, வைத்துக்கொள்ளுங்கள் என்றது போன்.
ராமநாதபுரம் ஸ்டேஷன் வாசலில்
நேற்றிரவே கழுவிய வண்டி,
முழு டேங்க் டீசல்,
மூன்று தண்ணீர் பாட்டில்,
நான்.

வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.
கீழக்கரை ரோட்டுக்கு
தானாகவே இண்டிகேட்டர் போட்டது கை.

திருப்புல்லாணி தாண்டி ஒரு மயில்.
'வலதுபக்கம் பாருங்க சார்' என்றேன், வாய்ப்பழக்கத்தில்.
கண்ணாடியில் பின்சீட் உறை மட்டும்
சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

இது தேசியப் பூங்கா.
பலகை அப்படித்தான் சொல்கிறது:
தூத்துக்குடி வரைக்கும் இருபத்தோரு தீவு.
வாசல் இல்லை, யானை இல்லை, ஜீப் இல்லை,
எல்லாம் தண்ணீருக்கு அடியில்.
ரோட்டில் போகிறவனுக்குப் பூங்காவின் மூடி மட்டும்தான்:
ஒரு நீலம், இன்னொரு நீலம்,
நடுவில் பச்சையாய் ஒரு தழும்பு.
காசு கொடுத்து வருகிறவர்களுக்கு இது போதாது.
'அவ்வளவுதானா' என்பார்கள்.
அதனால்தான் நான் ஆவுளியாவை வைத்திருந்தேன்.

வாலிநோக்கம் வளைவில் வேகம் குறைத்து
பதினோரு வருடமாகக் கை நீட்டுகிறேன்:
அதோ, அங்கேதான் சார், கடல்பசு,
நம்ம பக்கம் ஆவுளியான்னு பேரு,
புல்லு திங்கும், குட்டிக்குப் பால் கொடுக்கும்,
போன மாசம்கூடப் பார்த்தேன்.

அந்தக் கடைசி வரி
திருச்சிக்காரர் ஒருவர் ஐந்நூறு ரூபாய் டிப்ஸ் கொடுத்த அன்று முளைத்தது.
அப்புறம் அதற்கு மீசை வந்தது,
முதுகில் ஒரு வெட்டுக்காயம் வந்தது,
கூடவே ஒரு குட்டியும்.
நான் பார்த்ததே இல்லை.

ஏர்வாடியில் சாப்பாடு.
டிரைவருக்குக் காசு வேண்டாம் என்றார் கடைக்காரர்.
ஆள் யாரும் இல்லை பாய்,
இன்றைக்கு நான்தான் பார்ட்டி என்று
கொடுத்துவிட்டு வந்தேன்.

உப்பளத்தில் கண் கூசியது.
ஏசியை நிறுத்தி நாலு கண்ணாடியையும் இறக்கினேன்,
பார்ட்டி இருந்தால் முடியாத காரியம்.
கருவாட்டு வாசம் உள்ளே ஏறி
முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

வளைவு வந்தது.
கை நீட்டிக் காட்ட ஆளில்லை,
இறங்கிவிட்டேன்.

பாசி எடுக்கும் பெண்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள்,
விரலெல்லாம் துணி சுற்றி,
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு.
'யாரத் தேடுறீக?'
ஆவுளியா என்றேன்.
சேசம்மா, சாக்கைப் பிடி என்று யாரோ கூப்பிட்டபோது
திரும்பிப் பார்த்தவள்தான் கேட்டவள்.
அவள் சிரிக்கவில்லை.
'கார்ல வந்தா வந்துருமா?
ஒக்காருங்க. பேசாம இருங்க.'
சாக்கோடு போய்விட்டாள்.

வெயிட்டிங் சார்ஜ் இல்லாத ஒரு மணி நேரம்.
பிறகு இன்னொன்று.
உடைமரத்து நிழல் என்னை விட்டு நகர்ந்துபோனது.
போன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது.

பொழுது சாய்கையில்
கடல்புல் கறுத்துத் தெரிந்த இடத்தில்
தண்ணீர் மூச்சு விட்டது,
வால்வு பிடுங்கிய டியூபின் சத்தம்.
கவிழ்த்த அண்டா போல் சாம்பல் நிறத்தில் ஏதோ,
அதில் இரண்டு துளை.
துளைகள் மூடிக்கொண்டன.
மீசை இருந்ததா, தெரியவில்லை.
காயம் இல்லை. குட்டி இல்லை.

அதோ என்று கையைத் தூக்கிவிட்டேன்.
பக்கத்தில் யாருமில்லை.
கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது,
பிறகு தானாக இறங்கியது.

எண்பத்தாறு கிலோமீட்டர்.
ட்ரிப் ஷீட்டில் பார்ட்டி பெயர் என்ற கோட்டின்மேல்
லிங்கவேல் என்று எழுதி,
வாடகைக் கட்டத்தை அப்படியே விட்டேன்.

வியாழக்கிழமை கும்பகோணத்துக் குடும்பம் ஒன்று.
வளைவில் மெதுவாக்கினேன்.
புல்லு திங்கும், பால் கொடுக்கும்,
எல்லாம் சொன்னேன்.
நீங்க பார்த்திருக்கீங்களா அங்கிள் என்றாள் சின்னவள்.
கண்ணாடியில் அவள் கண் பெரிதாக இருந்தது.

இல்லம்மா என்றேன்.
அவள் பக்கத்துக் கண்ணாடியை மட்டும்
கீழே இறக்கிவிட்டேன்.